பூட்டு இருந்துச்சே... அப்புறம் எப்படி பணம் போச்சு?

"அட்ரஸ் பக்கத்துல பூட்டு இருந்துச்சுடி. நீதானே சொன்ன, பூட்டு இருந்தா பயமில்லைன்னு?"

தீபாவளிக்கு முந்தைய வாரம் சித்தி போனில் கேட்டது இது. பட்டுப்புடவை 1,499 ரூபாய் என்ற விளம்பரத்தைத் தொட்டு, கார்டில் பணம் கட்டியிருக்கிறார். புடவை வரவில்லை. அந்த வெப்சைட்டும் இப்போது திறக்கவில்லை. பிளவுஸ் தைத்துச் சேர்த்த காசு. சொன்னது நான்தான், அதுவும் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பூட்டு செய்யும் வேலை நிஜமானது. நீங்கள் தட்டும் கார்டு நம்பர் கடையின் கம்ப்யூட்டருக்குப் போகும் வழியில் பல இடங்களைத் தாண்டுகிறது. வெறும் 'எச்.டி.டி.பி' என்றால் அது போஸ்ட் கார்டு மாதிரி, நடுவில் இருப்பவர் படித்துவிடலாம். 'எச்.டி.டி.பி.எஸ்' என்றால் ஒட்டிய கவர். உங்கள் போனும் அந்த வெப்சைட்டும் ஒரு ரகசியச் சாவியை முடிவுசெய்து, எல்லாவற்றையும் என்க்ரிப்ட் செய்து அனுப்பும். எதிரில் இருப்பது அந்த வெப்சைட்தான் என்று உறுதிசொல்வது எஸ்.எஸ்.எல் சான்றிதழ்.

சிக்கல் இங்கேதான். சான்றிதழ் தரும் நிறுவனம் பெரும்பாலும் பார்ப்பது ஒன்றே ஒன்று: இந்த முகவரி, கேட்பவரின் கட்டுப்பாட்டில் இருக்கிறதா? கடை உண்டா, புடவை உண்டா, ஆள் யோக்கியரா என்பதெல்லாம் அதன் வேலை இல்லை. 2015 முதல் 'லெட்ஸ் என்க்ரிப்ட்' என்ற லாப நோக்கற்ற அமைப்பு இதை இலவசமாகவே தருகிறது. சில நிமிடங்களில் வாங்கிவிடலாம். சின்னக் கடைகளுக்கு அது பெரிய உதவி. ஏமாற்றுக்காரருக்கும் அதே கதவு திறந்துதான் இருக்கிறது. கவர் ஒட்டித்தான் போனது, போய்ச் சேர்ந்ததே திருடன் வீட்டுக்கு!

சித்தி மட்டும் இப்படி நினைக்கவில்லை. 2021-ல் கூகுள் நடத்திய ஆய்வில், பூட்டின் சரியான அர்த்தத்தைச் சொன்னவர்கள் 11 சதவிகிதம் பேர்தான். அதனால் 2023 செப்டம்பரில் குரோமில் பூட்டையே எடுத்துவிட்டு, இரண்டு கோடுகள் போட்ட ஐகானை வைத்தார்கள். பழைய போன்களிலும் வேறு சில பிரவுசர்களிலும் பூட்டு இன்னும் இருக்கிறது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முகவரியை. முதல் சாய்கோட்டுக்கு முன்னால், டாட் காம் அல்லது டாட் இன்-க்கு நேர் இடதுபக்கம் இருப்பதுதான் நிஜப் பெயர். அதற்கு முன்னால் எந்தப் பெரிய கடையின் பெயரையும் யாரும் ஒட்டிக்கொள்ளலாம். வங்கி என்றால் இன்னும் சுலபம். 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாறச் சொல்லி வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த முகவரி வங்கிகளுக்கு மட்டும்தான் கிடைக்கும்.

பணம் கட்டும் பக்கத்தில் 'பாதுகாப்பற்றது' என்று எச்சரிக்கை வந்தால், பேசாமல் வெளியே வந்துவிடுங்கள். எல்லா வெப்சைட்டிலும் அதே எச்சரிக்கை வருகிறதா? போனில் தேதி தப்பாக இருக்கலாம். சான்றிதழுக்கும் காலாவதி தேதி உண்டு.

பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள், வங்கியில் சொல்லி கார்டை பிளாக் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சித்தி என்னிடம் சொன்னதே நான்காவது நாள்தான். புகார் கொடுத்திருக்கிறோம், பணம் இன்னும் வரவில்லை.