வலியான் குரல்



பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திலே கரிக்குருவிக்கு உபதேசம் செய்த படலம் என்று ஒன்று உண்டு. முற்பிறப்பிற் செய்த சிறு பிழையாற் கரிக்குருவியாய்ப் பிறந்த ஒருவன், காகங்கள் தலையிலே கொத்தக் காட்டுக்குத் தப்பி ஓடுகிறான். அங்கே மதுரையின் பெருமையைச் சிலர் பேசக் கேட்டு, பொற்றாமரையில் மூழ்கிச் சோமசுந்தரரை வழிபடுகிறான். இறைவன் மிருத்யுஞ்சய மந்திரத்தை உபதேசித்து அந்த எளிய பறவையை 'வலியான்' ஆக்குகிறான்.

இந்தக் கதையை வகுப்பில் நடத்தும் நாங்கள் மந்திரத்தை விளக்குவோம், அணியை விளக்குவோம். குருவி வந்ததும் 'ஒருவகைப் பறவை' என்று சொல்லிவிட்டு அடுத்த செய்யுளுக்குப் போய்விடுவோம். ஆண்டாளின் ஆனைச்சாத்தனுக்கும் இதே கதிதான். உரையாசிரியர்கள் அதை வலியன் என்று குறித்துத் தந்திருந்தும் நாங்கள் அண்ணாந்து பார்ப்பதில்லை. இறக்குவானை, காவத்தை, எட்டியாந்தோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கோ அந்தப் பறவை லயத்துக்கு எதிரே கம்பியிலே இருக்கிறது. கரிய உடல், பிளந்த நீண்ட வால். இரட்டைவாற்குருவி என்றாலும் அதுவே.

அது 'வலியான்' என்பதிற் புராணம் பொய் சொல்லவில்லை. கூடு கட்டும் காலத்தில் தன்னைவிடப் பலமடங்கு பெரிய காகத்தையும் பருந்தையும் துரத்தித் துரத்தி முதுகிலே கொத்தும். இந்த வீரத்தை அறிந்தோ என்னவோ, சாதுவான சில பறவைகள் அதன் கூட்டுக்கு அருகிலேயே தம் கூட்டையும் அமைத்துக்கொள்கின்றன.

இதனுடைய உறவினம் ஒன்று, நெற்றியிற் கொண்டையுடன், ஈரவலயக் காடுகளில் வாழ்கிறது. இலங்கைக்கே உரியது. கலவானைப் பக்கமாகக் குடாவையால் சிங்கராஜ வனத்துக்குள் போனால் அதைக் காணலாம். 1988 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட அந்த வனத்திலே பறவைகள் இனம் பாராமற் கூட்டமாகத் திரிகின்றன. சராசரியாகப் பதினொரு இனங்கள், நாற்பது பறவைகள் வரை ஒரு கூட்டத்தில் உண்டு. செம்மஞ்சள் அலகுடைய தவிட்டுக்குருவிகள் இலைகளைக் கிளறிப் போக, வெளிப்படும் பூச்சிகளைக் கரிக்குருவி பறந்து பிடிக்கும். கைம்மாறாக அது காவல் காக்கும்.

காவல் என்பதைச் சற்று விளக்க வேண்டும். வல்லூறு வீரத்தால் வேட்டையாடுவதில்லை, ஒளிவால் வேட்டையாடுகிறது. இலைமறைவில் அசையாதிருந்து ஒரே பாய்ச்சலிற் கவ்வ வேண்டும். இரை முதலிற் கண்டுவிட்டால் அன்றைய வேட்டை கெட்டது. ஆகவே அபாயக் குரலும் இருவகைப்படும். வல்லூறு பறந்து வரும்போது சிறு பறவைகள் பலவும் எழுப்புவது மெல்லிய, உயர்ந்த ஓசை. எங்கிருந்து வந்ததென்று பிடிபடாது. கேட்டதும் எல்லாம் உறைந்துவிடும். ஆந்தையோ பாம்போ அமர்ந்திருக்கக் கண்டாலோ கரகரத்த கூச்சல். அது மற்றவற்றையும் கூவி அழைத்துச் சூழ்ந்து விரட்டும்.

சிங்கராஜத்தில் இதை ஆராய்ந்தவர்கள் பேராசிரியர் சரத் கொட்டகமவும் எபென் குடேலும். அவர்கள் கட்டுரைகள் 2005, 2006 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. தவிட்டுக்குருவி அடிக்கடி கத்தும். கரிக்குருவியின் எச்சரிக்கையே நம்பத்தக்கது. அதிலும் வியப்பு, கரிக்குருவி பிற பறவைகளின் குரலிலே பேசுவது. சாதாரண வேளையில் அவற்றின் பாட்டைப் பாடும். ஆபத்திலோ, அவற்றின் அபாயக் குரலையும் கொன்றுண்ணிகளின் குரலையும் எடுத்துக்கொள்ளும். இடமறிந்து பேசுகிறது என்பதே கண்டுபிடிப்பு. இந்தப் போலிக் குரல் கலந்த பாட்டை ஒலிபரப்பிப் பார்த்தபோது மற்றப் பறவைகள் அதிகமாக நெருங்கி வந்தன.

எல்லாக் கரிக்குருவியும் யோக்கியமல்ல. ஆபிரிக்காவின் கலஹாரியில் அதன் இனமொன்று பொய் எச்சரிக்கை எழுப்பி, கீரியினமும் பறவைகளும் இரையைப் போட்டுவிட்டு ஓட, அதை எடுத்துக்கொள்கிறது. ஏமாந்தவர்கள் பழகிவிட்டால் வேறொருவர் குரலுக்கு மாறும்.

நம் தோட்டங்களில் இந்தக் காவல்மொழி யாருக்குப் பயன்? கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு. இலங்கையிற் புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. நாங்கள் 'புலி' என்று சொல்லும் சிறுத்தையே இங்கு தலையாய வேட்டை விலங்கு. அதுவும் ஒளிந்து பாய்வதே. மரை ஊளையிட்டால், குரங்குகள் ஓரிடத்தையே பார்த்துக் குரைத்தால், பறவைகள் ஒரு புதரைச் சூழ்ந்து கத்தினால், அங்கே ஏதோ உண்டு. குமாவுன் காடுகளில் அலைந்த ஜிம் கோர்பெட், கரிக்குருவி மானின் குரலையும் அப்படியே எழுப்பும் என்று 1953 இல் வெளியான நூலில் எழுதினார்.

ஆனால் பன்றிக்கு என்று வைக்கும் கம்பிச் சுருக்குக்கு எச்சரிக்கைக் குரல் கிடையாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றிற் சுருக்கிலே சிக்கிய அபூர்வமான கருஞ்சிறுத்தை உடவளவைக்குக் கொண்டுவரப்பட்டுச் சில நாளில் இறந்தது. மரக்கறிப் பாத்தியைப் பன்றி கிளறினால் ஏழைக் குடும்பத்துக்கு அது பெருநட்டம், மறுக்கவில்லை. என்றாலும் சுருக்குக்குப் பன்றியையும் சிறுத்தையையும் பிரித்தறியத் தெரியாது.

காதாற் காட்டை அறிந்ததற்குச் சப்ரகமுவையிலே இன்னுமொரு சான்று உண்டு. 1995 இல் கித்துல்கலைக் காட்டிலே தீபால் வரகாகொட என்பவர் இன்னதென்று அறியாத ஓர் இராக்குரலைக் கேட்டார். அதற்குரிய செந்நிறச் சிற்றாந்தையை அவர் கண்ணாற் கண்டது 2001 ஜனவரியில், சிங்கராஜத்தில். 2004 இல் அது புதிய இனமாகப் பதிவாயிற்று. 1868 க்குப் பின் இலங்கையிற் கண்டறியப்பட்ட முதலாவது புதிய பறவை அது.