மந்த காலத்தில் முதல் வேலை

நம் சங்கத்துக் குடும்பங்கள் கூடுகிற இடங்களில் சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரே கேள்வி திரும்பி வருகிறது. "பையன் பி.இ. முடிச்சிட்டான், ஆஃபர் லெட்டரும் கையில இருக்கு, சேரச் சொல்லி மட்டும் இன்னும் கூப்பிடலை. என்ன சார் பண்றது?" 2001ல் கேட்டார்கள், 2009ல் கேட்டார்கள், 2020லும் 2023லும் கேட்டார்கள். பெங்களூர்க் கம்பெனிகளில் ஆளெடுக்கும் பிரிவில் முப்பது வருடம் இருந்தவன் என்பதால் கேள்வி என் பக்கம் திரும்பிவிடுகிறது. நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

மந்தம் வந்தால் ஒரு கம்பெனி முதலில் நிறுத்துவது புதியவர்களை எடுப்பதைத்தான். இருப்பவரை அனுப்பினால் நோட்டீஸ் காலச் சம்பளம், இழப்பீடு, கெட்ட பெயர் என்று செலவு உண்டு. புதியவனைக் கூப்பிடாமல் விட்டால் பைசா செலவில்லை. 2008 செப்டம்பர் 15 அன்று நியூயார்க்கில் லேமன் பிரதர்ஸ் விழுந்ததும் இங்கே கேம்பஸ் தேர்வுகள் வற்றியதற்குக் காரணம் அதுதான். நம்மூர் மென்பொருள் வருமானத்தில் பெரும்பங்கு அமெரிக்க வங்கிகளிடமிருந்தும் காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்தும் வந்துகொண்டிருந்தது. அங்கே கைச்செலவு குறைந்தது, இங்கே வாசல் மூடியது. பிள்ளையின் மார்க்குக்கும் திறமைக்கும் இதில் சம்பந்தம் மிகக் குறைவு. இதைப் பிள்ளையை விடப் பெற்றோர்தான் முதலில் நம்ப வேண்டும். "சித்தப்பா பையன் சியாட்டில்ல இருக்கான்" என்று சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பிப்பதால் யாருக்கும் வேலை கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

மோசமான வருடத்தில் படித்து முடித்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள்? கனடாவில் ஓரியோபோலஸ், வான் வாக்டர், ஹெய்ஸ் என்ற மூன்று பொருளியலாளர்கள் பட்டதாரிகளின் பல வருடச் சம்பளக் கணக்கை எடுத்து ஆராய்ந்து 2012ல் வெளியிட்டார்கள். மந்தத்தில் வேலைக்கு வந்தவர்களின் தொடக்கச் சம்பளம் சுமார் 9 சதவீதம் குறைவாக இருந்தது. ஐந்து வருடத்தில் அந்த இடைவெளி பாதியானது, பத்து வருடத்தில் ஏறக்குறைய மறைந்தே போனது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அவர்கள் மீண்ட விதம். முதல் சில வருடங்களுக்குள் சிறிய, சம்பளம் குறைந்த இடத்திலிருந்து நல்ல இடத்துக்கு மாறியதால்தான் மீட்சியின் பெரும்பகுதி நடந்தது. கனடா வேறு, நம் ஊர் வேறு, சதவீதத்தை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. ஆனால் நான் ஆளெடுத்த மேஜையிலும் இதே சங்கதியைத்தான் பார்த்தேன்.

ஆகவே மந்தத்தில் முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பளத்தை இரண்டாவதாக வையுங்கள். இங்கிருந்து இரண்டு வருடத்தில் தாவ முடியுமா என்பதை முதலில் பாருங்கள். மெக்கானிக்கல் படித்தவனுக்கு பீன்யாவில் ஒரு சின்ன பட்டறையில் வேலை இருக்கிறது, கால் சென்டரில் அதைவிட நாலாயிரம் ஐயாயிரம் கூடுதலாகத் தருகிறார்கள் என்றால் நான் பீன்யாவுக்குப் போகச் சொல்வேன். அங்கே வரைபடம் படிப்பான், சி.என்.சி. மிஷின் பக்கத்தில் நிற்பான், சரக்கு திரும்பி வந்தால் யாரிடம் திட்டு வாங்குவது என்பதையும் கற்பான். இன்டர்வியூவில் அவனிடம் கேட்க எனக்கு அரைமணி நேரத்துக்கு விஷயம் இருக்கும். கால் சென்டர்க்காரர் கெட்டிக்காரராகவே இருந்தாலும் மெக்கானிக்கல் வேலைக்கு அவரிடம் எதைக் கேட்பது? மென்பொருளிலும் அப்படியே. பேர் தெரியாத கம்பெனியில் டெஸ்டிங், சப்போர்ட் என்றாலும் தொழிலின் வாசனை விட்டுப் போகாது.

வளர்கிற இடங்கள் மந்தத்திலும் உண்டு, பல சமயம் பெரிய பெயர்ப்பலகை இல்லாமல் இருக்கும். 2007ல் கோரமங்களாவில் புத்தகம் விற்க ஆரம்பித்த ஃபிளிப்கார்ட்டை 2009ல் எத்தனை மாமாக்கள் வேலையென்று ஒத்துக்கொண்டிருப்பார்கள்? அதே 2009ல்தான் ஆதார் ஆணையம் அமைந்தது, அதன் தொழில்நுட்ப மையம் நம் ஊரில் வந்தது. 2011ல் முதல் ரயில் ஓடிய நம்ம மெட்ரோவின் கட்டுமானமும் அந்த மந்தத்தினூடேதான் நடந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளரை நம்பாத இடம் எது என்று தேடினால் வழி தெரியும்.

"சும்மா இருக்கறதுக்கு எம்.பி.ஏ. படிடா" என்கிற யோசனை எனக்குப் பிடிக்காது. கடன் வாங்கிப் படித்தால் பெரும்பாலானவர்களுக்குப் படிக்கிற காலத்திலும் வட்டி ஏறுகிறது. எந்தத் தொழிலையும் தொடாமல் வாங்கிய எம்.பி.ஏ.வுக்குச் சந்தையில் மதிப்பும் கம்மி. கேட் தேர்வு வேறு. அதன் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும், எம்.டெக்.குக்கும் ஆகும், என்.டி.பி.சி., பவர் கிரிட் போன்ற பொதுத்துறை நிறுவனங்களும் அதை வைத்து ஆளெடுத்திருக்கின்றன. வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம்.

இன்னொரு எச்சரிக்கை. மந்தம் வந்தால் "இரண்டு லட்சம் கட்டுங்க, பின்வாசல்ல உள்ளே விடறோம்" என்கிற புரோக்கர்களும் வருவார்கள், பொய் அனுபவச் சான்றிதழ் விற்பவர்களும் வருவார்கள். 2014லிருந்து பி.எஃப். கணக்குக்கு யு.ஏ.என். எண் இருக்கிறது. எந்தக் கம்பெனி எந்த மாதம் பணம் கட்டியது என்பது அதில் தெரியும். சான்றிதழ் இரண்டு வருட அனுபவம் என்கிறது, பி.எஃப். பக்கம் வெறுமையாக இருக்கிறது என்றால் சேர்ந்த பிறகுகூட வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அரசு வேலை என்று வந்தால் வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கு மொழி ஒரு தனி விஷயம். 2021 டிசம்பர் ஆணைக்குப் பிறகு தமிழ்நாட்டு அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த்தாளில் 40 சதவீதம் எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள். வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு எழுதத் தெரியாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் கதவு சாத்தியே இருக்கிறது. நம் ஞாயிறு வகுப்பில் இடம் காலியாகக் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு இது ஞாபகம் வரும். மறுபக்கம், ஸ்டேட் வங்கியின் கிளார்க் தேர்வில் எந்த மாநிலத்துக்கு விண்ணப்பிக்கிறோமோ அந்த மாநில மொழி தெரிந்திருக்க வேண்டும். அதைப் பத்தாவதிலோ பன்னிரண்டாவதிலோ படித்ததாக மதிப்பெண் பட்டியல் காட்டினால் தனி மொழித்தேர்வு கிடையாது. கன்னடம் படித்த நம் பிள்ளைகள் அந்தப் பட்டியலைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.