ஏற்காடு போய் வந்தாச்சு, வடாமும் போட்டாச்சு!

மே மாத அக்னி வெயிலில் நான்கு நாள் ஊருக்குப் போனால் மாடித்தோட்டத்தை யார் பார்ப்பது? சென்னை புறநகரில் வசிக்கும் அந்த இளம் தம்பதிக்கு இதுதான் கவலை. போன வருஷம் திரும்பி வந்தபோது தக்காளிச் செடிகள் சருகாகிக் கிடந்தன.

இந்த முறை கத்தரி, வெண்டைப் பைகளைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நெருக்கி வைத்து, மண்மேல் காய்ந்த இலைகளைப் பரப்பினார் கணவர். சாவி கீழ்வீட்டு அம்மாவிடம். ‘‘தண்ணி நான் ஊத்திக்கிறேன். சேலம் வழியாத்தானே வருவீங்க, ஜவ்வரிசி வாங்கிட்டு வாங்க’’ என்றார் அவர்.

ஊட்டி, கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பதால் ஏற்காடு. சேலத்திலிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏரியில் படகு, பகோடா பாயின்ட்டில் மாலைக் காற்று. போதாதா?

திரும்பியதும் வடாம். ஒரு கப் ஜவ்வரிசியை இரவே ஊறவைத்து, ஐந்து கப் தண்ணீரில் கண்ணாடி போல வேகவிட்டு, பச்சை மிளகாய் விழுது, பெருங்காயம், உப்பு சேர்த்து, இறக்கியபின் எலுமிச்சைச் சாறு பிழிந்தார் மனைவி. காய்ந்ததைப் பொரித்தால் ஒரே உப்பு! ‘‘கூழ்ல உப்பு கம்மியா இருக்கணும்மா. காய்ஞ்சா தூக்கலாத் தெரியும்’’ என்று சிரித்தார் கீழ்வீட்டு அம்மா.

கொத்தமல்லி மட்டும் கருகிவிட்டது. வெண்டை பூ விட்டிருக்கிறது. அதன் பக்கத்திலேயே இரண்டாவது தடவை பிழிந்த வடாம் காய்கிறது. காக்கா விரட்ட, குடையின் கீழே லேப்டாப்போடு கணவர்.