டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

முப்பதே நாளில் கூகுளில் முதலிடம், உத்தரவாதம் என்று சொல்பவரிடம் பணம் கட்டி ஏமாறும் சிறு வணிகர்கள் குறைந்தபாடில்லை. விளம்பரம் அல்லாத தேடல் முடிவுகளில் இடத்தைக் கூகுள் விற்பதில்லை. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று அதன் உதவிப் பக்கமே எச்சரிக்கிறது. அப்படியானால் பணம் எதற்குப் போகிறது? பல நேரங்களில், ஒருவரும் தேடாத நீளமான சொற்றொடருக்கு முதலிடம் காட்டிவிட்டுக் கணக்கை முடிக்கிறார்கள். அல்லது சம்பந்தமே இல்லாத தளங்களில் விலைக்கு இணைப்புகளை வாங்கிப் போடுகிறார்கள். பின்னது ஆபத்தானது. அமெரிக்காவின் ஜே.சி. பென்னி கடைகளுக்கு இப்படி வாங்கப்பட்ட இணைப்புகளை 2011-இல் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. முதலிடத்தில் இருந்த அதன் பக்கங்களைக் கூகுள் உடனே கீழே தள்ளியது. தங்களுக்குத் தெரியாமல் நடந்ததாகச் சொன்ன நிறுவனம், தேடல் வேலையை ஒப்படைத்திருந்த ஏஜென்சியை நீக்கியது. ஆனாலும் தண்டனையை அனுபவித்தது தளம்தான்.

இதைவிட மோசமான அலட்சியம், தளத்தின் சாவியையே அடுத்தவரிடம் விட்டுவைப்பது. டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, வாங்கிக் கொடுத்தவர் தன் மின்னஞ்சலிலேயே பதிந்திருப்பார். சண்டை வந்த பிறகே உரிமையாளருக்கு அது தெரியவரும். டொமைன் விற்ற நிறுவனத்தின் கணக்கில் உங்கள் மின்னஞ்சலால் உள்ளே போக முடிகிறதா என்று இன்றே பாருங்கள். பதிவுதாரர் பெயர், மீட்பு மின்னஞ்சல், ஓடிபி வரும் கைபேசி எண், ரசீது நான்கும் உங்களுடையதாக இருக்க வேண்டும். அடுத்து, தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கட்டணமில்லாத கூகுள் சர்ச் கன்சோல். அதில் டொமைன் வகையைத் தேர்ந்து, அது தரும் டிஎக்ஸ்டி குறியீட்டை டொமைனின் டிஎன்எஸ் அமைப்பில் ஒட்டினால் நீங்கள் சரிபார்க்கப்பட்ட உரிமையாளர். ஏஜென்சிக்குப் பயனர் அனுமதி மட்டும் போதும், உரிமையாளர் அனுமதி வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால், பெயரை நீக்குவதோடு அவர்கள் வைத்த சரிபார்ப்புக் குறியீட்டையும் நீக்குங்கள். அது இருக்கும்வரை அவர்கள் மறுபடி உரிமையாளராக நுழைய முடியும். கூகுள் தண்டித்திருந்தால் சர்ச் கன்சோலின் 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' பகுதியில் அறிவிப்பு இருக்கும். வாங்கிய இணைப்புகளை அகற்றி, அகற்ற முடியாதவற்றைப் புறக்கணிக்கச் சொல்லிப் பட்டியல் கொடுத்து, அங்கேயே மறுபரிசீலனை கோர வேண்டும். பக்கமே தேடலில் வராவிட்டால், தளம் கட்டும்போது போட்ட, தேடலில் சேர்க்காதே என்னும் 'நோஇன்டெக்ஸ்' கட்டளை எடுக்கப்படாமல் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இதற்கெல்லாம் நேரமில்லை, அதனால்தானே ஆள் வைக்கிறோம் என்பார்கள். ஆள் வைப்பதில் தவறில்லை. பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு ஆகும் என்று சொல்லி வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வேலையை ஒப்படைப்பது வேறு, உரிமையை ஒப்படைப்பது வேறு. ஏமாந்த பிறகு புகார் தரப் போனால், வணிகத்துக்காகச் சேவை வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார், வழக்கு நிற்காது என்றும் சிலர் பயமுறுத்துவார்கள். பாதிதான் உண்மை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு விளக்கப்படி, சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் பொருளை வாங்கிப் பயன்படுத்துவது 'வணிக நோக்கம்' ஆகாது; ஆனால் அந்த விளக்கம் சேவையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆகவே தையல் கடையோ வீட்டுப் பலகாரத் தொழிலோ நடத்துபவர், பிழைப்புக்காகவே சேவையை வாங்கியதைப் புகாரிலேயே தெளிவாக எழுத வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. உத்தரவாதம் தந்த மின்னஞ்சல் அல்லது வாட்ஸ்அப் செய்தி, பில், வங்கிக் கணக்கு விவரம், ஏஜென்சிக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பிய அறிவிப்பின் நகல் ஆகியவற்றை இணையுங்கள். வாய்ப்பேச்சில் மட்டும் தந்த உத்தரவாதத்தை நிரூபிப்பது கடினம். ஆகவே எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். அடுத்த மாதம் பாருங்கள் என்று ஏஜென்சி தள்ளிப்போடும் ஒவ்வொரு முறையும் கரைவது உங்கள் காலக்கெடு.