அயல்நாட்டார் பழக்கமும் நம் அறுவடையும்

சென்னை வடபழனி முருகன் கோயிலுக்குக் கிருத்திகையன்று சென்றவர்கள், கோயிலைச் சுற்றியுள்ள பூக்கடைகளைக் கண்டிருப்பார்கள். பிற்பகலில் அங்கே தொடுக்கப்படும் ஜாதிமல்லி மொட்டாகவே இருக்கும். மாலையில் கூந்தலில் சூடிய பிறகே அது மலர வேண்டும். "விரிஞ்ச பூவை யாருங்க தலையில வைப்பாங்க?" என்று பூக்கார அம்மாள் ஒருவர் எம்மிடம் கேட்டார்.

அவர் கேட்டது நியாயமே. ஆனால் அதே விரிந்த பூவைத்தான் வேறு நாட்டார் விரும்பிக் கேட்கின்றனர். ஒரு விளைபொருளின் தரம் அப்பொருளைப் பொறுத்தது மட்டுமன்று. வாங்குவோரின் பழக்கவழக்கத்தையும் பொறுத்ததாகும். இதை அறியாமல் ஏற்றுமதிக்கெனப் பயிரிட்டால், நல்ல மகசூல் எடுத்தும் நட்டப்பட நேரிடும். இதனைச் சில பயிர்களைக் கொண்டு இங்குக் காண்போம்.

ஜாதிமல்லி: சூடுவதற்கா, வாசனைக்கா?

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில் வாழும் நம்மவர்களுக்கு மல்லிகை வகைப் பூக்கள் விமானத்தில் செல்கின்றன. அவர்களுடைய வழக்கமும் நம்முடையதே. எனவே நன்கு முதிர்ந்த, ஆனால் மலராத மொட்டுகளை அதிகாலையில் பறித்து, குளிர் குறையாதபடி பெட்டிகளில் அடைத்து அனுப்ப வேண்டும்.

பிரான்சு முதலிய நாடுகளில் பூச்சூடும் வழக்கம் இல்லை. அங்கு இம்மலர் வாசனைத் திரவியம் செய்யவே தேவைப்படுகிறது. ஜாதிமல்லியின் மணம் மலரும்போதுதான் வெளிப்படுகிறது. மொட்டில் அது முழுமையாக இருப்பதில்லை. வெயில் ஏறினாலோ மணம் குறைந்து விடும். ஆகவே கான்கிரீட் எனப்படும் மெழுகு போன்ற வாசனைப் பொருளைப் பிரித்தெடுக்கும் ஆலைகளுக்கு, முழுவதும் மலர்ந்த பூக்களை விடியற்காலையில் பறித்து உடனே சேர்க்க வேண்டும். 1000 கிலோ பூவிலிருந்து ஏறத்தாழ 3 கிலோ கான்கிரீட்டே கிடைக்கும் என்பதால், ஒவ்வொரு கூடையிலும் மொட்டு கலவாதிருப்பது முக்கியம். செடி ஒன்றே, வாங்குபவரின் வழக்கத்திற்கேற்பப் பறிக்கும் பக்குவம் மாறுகிறது.

கெர்க்கின்: சிறுத்த காய்க்கே விலை

கெர்க்கின் என்பது ஊறுகாய்க்கான சிறு வெள்ளரி. நம் நாட்டில் 1990-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் சிறு அளவில் தொடங்கிய இதன் ஏற்றுமதிச் சாகுபடி, பின்னர் தமிழகத்திற்கும் ஆந்திரப் பகுதிகளுக்கும் பரவியது. 2020-21-ஆம் ஆண்டில் வெள்ளரியும் கெர்க்கினுமாக 2,23,515 டன், 22 கோடி டாலருக்கு மேற்பட்ட மதிப்பில் ஏற்றுமதியாயின. பெரும்பாலும் ஒப்பந்த முறையில் பயிரிடப்படும் 90 நாள் பயிர் இது.

நம் சந்தையில் காய் பருத்தால் எடை கூடும், வருமானமும் கூடும். கெர்க்கினில் நிலைமை நேர்மாறானது. மேலை நாட்டார் இக்காயைக் காடி நீரில் ஊறவைத்து, ரொட்டியுடனும் இறைச்சியுடனும் முழுதாகக் கடித்து உண்கின்றனர். விதை முற்றாத, நறுக்கென்று கடிபடும் பொடிக்காயே அவர்களுக்கு உகந்தது. ஆகவே கிலோவுக்கு எத்தனை காய் நிற்கிறது என்று எண்ணியே தரம் பிரிக்கப்படுகிறது. 160 காய்க்கு மேல் நிற்கும் தரத்திற்கு நல்ல விலையும், 30 அல்லது 40 காய் நிற்கும் தரத்திற்குக் குறைந்த விலையும் கிடைக்கும். ஒரு நாள் பறிக்கத் தவறினால் காய் பருத்து, தரம் இறங்கி விடும். எனவே நாள் தவறாமல் பறிக்க ஆள் உள்ளவர்களே இதில் இறங்க வேண்டும்.

மற்றோர் ஆபத்தும் உண்டு. கெர்க்கினை நம் வீடுகளில் சமைப்பதில்லை. கம்பெனி எடுக்க மறுத்த காயைக் கோயம்பேட்டுக்குக் கொண்டு சென்றாலும் கேட்பார் இருக்க மாட்டார்கள். கத்தரியோ வெண்டையோ ஏற்றுமதிக்கு ஆகாவிட்டால் உள்ளூரில் விற்று விடலாம். நம் அடுப்படிக்குப் பழக்கமில்லாத பயிருக்கு அந்த வழி இல்லை.

முருங்கை: நமக்குக் காய், அவர்களுக்கு இலை

சாம்பாரில் வெந்த முருங்கைக்காயைச் சுவைத்துச் சக்கையை ஒதுக்குவது நமக்கு இயல்பு. அப்பழக்கம் இல்லாதவருக்கு அது தின்ன முடியாத வெறும் குச்சியே. எனவே காயை வெளிநாடுகளில் வாங்குவோர் பெரும்பாலும் நம்மைப் போல் அதைச் சமைத்துப் பழகியவர்களே. ஆனால் அமெரிக்க, ஐரோப்பிய நாடுகளில் முருங்கையிலைப் பொடி சத்துணவாக விற்கப்படுகிறது. பானத்தில் கலந்தும் மாத்திரையாகவும் உட்கொள்கின்றனர்.

இலைக்காகப் பயிரிடுவோர் செடிகளை நெருக்கமாக நட்டு, அடிக்கடி வெட்டி எடுக்க வேண்டும். இலையை வெயிலில் காயவைத்தால் பச்சை நிறம் மங்கி விலை குறையும். நிழலில் உலர்த்துதல் நலம். உலரும்போது நீர் வெளியேறி எடை பல மடங்கு குறைவதால், இலையில் படிந்த பூச்சிமருந்து நஞ்சும் பொடியில் செறிந்து விடும். எனவே காய்க்குப் பயன்படுத்தும் மருந்து முறையை இலைக்கு அப்படியே பின்பற்றலாகாது.

பிற நாட்டு அனுபவம்

தாய்லாந்து மக்கள் புழுங்கல் அரிசியைப் பெரும்பாலும் உண்பதில்லை. எனினும் ஆப்பிரிக்க நாடுகளில் அதை விரும்புவோர் மிகுதி என்பதறிந்து, அவர்களுக்கென்றே புழுங்கல் அரிசி தயாரித்து அனுப்புகின்றனர். தமக்குப் பிடித்ததை அயலார் மீது திணிக்காமல், வாங்குவோர் உண்பதைக் கொடுத்துச் சந்தை பிடித்துள்ளனர்.

பண்டிகைக் காலமும் கவனத்திற்குரியது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தைப்பூசத்தையொட்டிப் பூசைப் பொருள்களின் தேவை கூடும். வளைகுடா நாடுகளில் ரம்ஜான் மாதத்தில் உணவுப் பொருள்களின் தேவை மாறும். ரம்ஜான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னதாக வருவதால், சென்ற ஆண்டு விதைத்த தேதியையே நம்பியிருத்தல் கூடாது.

பயிரிடுமுன் கவனிக்க வேண்டியவை

1. வாங்குபவர் நம் பொருளை எவ்வாறு பயன்படுத்துகிறார் என்று முதலில் கேட்டறிக. சமைத்தா, பச்சையாகவா, பொடித்தா, சூடவா என்பதைப் பொறுத்தே இரகமும் அறுவடைப் பக்குவமும் அமையும்.

2. உள்ளூரில் விற்க இயலாத பயிரானால், நிலம் முழுவதிலும் பயிரிட வேண்டாம். முதற்போகத்தில் ஒரு பகுதியில் மட்டும் செய்து பார்க்கவும்.

3. எழுத்து மூலமான ஒப்பந்தம் இன்றி விதைக்க வேண்டாம். ஒவ்வொரு தரத்திற்குமான விலை, எடை போடும் இடம், பணம் தரும் நாள், எக்காரணத்தால் காய் கழிக்கப்படும் என்ற விவரங்கள் அதில் இருத்தல் வேண்டும்.

4. பரிந்துரைக்கப்பட்ட மருந்துகளை மட்டும் தெளித்து, குறித்த நாட்கள் கழித்தே அறுவடை செய்க. தெளித்த நாளையும் அளவையும் குறிப்பேட்டில் எழுதி வைக்கவும்.

5. அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும், வேளாண் விற்பனைத் துறை அலுவலகத்திலும், மைய அரசின் அபீடா நிறுவனத்திலும் ஏற்றுமதி விதிகளைக் கேட்டறியலாம்.

உழவர் பெருமக்களே! மண்ணையும் நீரையும் ஆய்ந்து பயிரிடும் நாம், கடல் கடந்து வாங்குவோரின் அடுப்படியையும் பழக்கத்தையும் அவ்வாறே ஆய்ந்தறிதல் வேண்டும். நமக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக ஒரு பொருளை அயலார் வாங்க மாட்டார்கள். அவர்களது தேவையை முன்கூட்டியே அறிந்து, அதற்கேற்ற பக்குவத்தில் அறுவடை செய்து, உழைப்பிற்கேற்ற பயனைப் பெறுவீர்களாக.