ஜெபிக்கலாம், பிரசங்கிக்கக் கூடாது

கடந்த பருவத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய இடுபணிக்கு ரிச்மண்ட் நகரத்தை எடுத்துக்கொண்டேன். அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் தலைநகரம் அது. படைகள், தளபதிகள் என்று எழுதி முடித்துவிடலாம் என்றிருந்தேன். ஒரு தேவாலயம் என்னை நிறுத்திவிட்டது.

அங்குள்ள முதல் பாப்டிஸ்ட் சபையில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்தே இருந்தனர். 1841இல் வெள்ளையர் புதுக் கட்டடத்துக்குப் போக, பழைய கட்டடத்தில் கறுப்பினத்தவரின் 'முதல் ஆப்பிரிக்க பாப்டிஸ்ட் சபை' உருவானது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் அடிமைகள். ஆனால் போதகர் வெள்ளையர்! 1831இல் நாட் டர்னர் என்ற அடிமைப் பிரசங்கியார் கலகம் செய்ததால், கறுப்பினத்தவர் பிரசங்கிப்பதை வர்ஜீனியா சட்டம் தடுத்தது. எனவே ரிச்மண்ட் கல்லூரித் தலைவர் ராபர்ட் ரைலண்ட் போதகரானார். அவரே அடிமைகளை வைத்திருந்தவர்.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்: பிரசங்கிக்கத்தான் தடை, ஜெபிக்கத் தடையில்லை. சபையின் மூத்தவர்களை ஜெபம் செய்ய ரைலண்ட் அழைப்பார். அந்த ஜெபங்கள் நீண்டுகொண்டே போகும். கண்ணை மூடிக்கொண்டு செய்தால் அது பிரசங்கம் ஆகாது போலும்!

நகரின் மிகப் பெரிய அரங்குகளில் இதுவும் ஒன்று. அதனால் அரசியல் கூட்டங்களும் இங்கே நடந்தன. 1865 பிப்ரவரி 6ஆம் தேதி, சமாதானப் பேச்சு முறிந்த கையோடு, தென் மாநிலங்களின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸ் இங்கேதான் போரைத் தொடரச் சொல்லி முழங்கினார். மூன்று நாள் கழித்து அவரது அமைச்சர் ஜூடா பெஞ்சமின், போரிட முன்வரும் அடிமைகளுக்கு விடுதலை தரலாம் என்று அதே இடத்தில் பேசினார். அடிமைகள் ஞாயிறுதோறும் வழிபடும் இடத்தில் அவர்களுடைய விடுதலைக்கு விலை பேசியிருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மார்ச் மாதம் இயற்றிய சட்டத்திலோ அந்த விடுதலை வாக்குறுதியும் இல்லை.

ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை. வேறொரு தேவாலயத்தில் வழிபாட்டில் இருந்த டேவிஸிடம் ஒரு தந்தியைக் கொடுத்தார்கள். அன்றிரவே அவர் நகரைவிட்டு ஓடினார். மறுநாள் நுழைந்த வட மாநிலப் படையில் கறுப்பின வீரர்களும் இருந்தனர். சில வாரங்களுக்குள், டேவிஸ் முழங்கிய அரங்கில் கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளிக்குப் பதிந்துகொண்டிருந்தார்கள்.

ரைலண்ட் அவ்வாண்டே பதவி விலகினார். பிறகு போதகரானவர், அடிமையாகப் பிறந்து அதே சபையில் டீக்கனாக இருந்த ஜேம்ஸ் ஹோம்ஸ்.