ரேடியேட்டர் வாங்கும் முன்: காற்று எந்த வழியில் போகிறது?

மாஸ்டாவின் மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 கார் 1991 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. எடை 1,300 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். பிஸ்டன்களுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர்கள் சுழலும் 1.3 லிட்டர் வாங்கெல் எஞ்சின், அதற்கு இரண்டு டர்போ. தொடக்கத்தில் 255 ஆக இருந்த குதிரைத்திறன் பின்னாளில் ஜப்பானியச் சந்தையில் 280 வரை உயர்ந்தது. 2002இல் தயாரிப்பு நின்றுவிட்டாலும், அந்த எஞ்சினை 400 குதிரைத்திறனுக்கு ஏற்றி ஓட்டுகிறவர்கள் இன்றும் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் அனுபவசாலிகள் பெரிய டர்போவுக்குப் பணம் கட்டும் முன் ரேடியேட்டரைத்தான் பார்க்கிறார்கள்.

அதற்குக் காரணம் எஞ்சினின் அமைப்பிலேயே இருக்கிறது. ரோட்டரி எஞ்சினில் எரிதல் எப்போதும் ஒரே பக்கத்தில் நடக்கிறது. அந்தப் பக்கம் கொதிக்கும்போது, புதுக்காற்று நுழையும் எதிர்ப்பக்கம் குளிர்ச்சியாகவே இருக்கும். வார்ப்பிரும்புத் தட்டுகளும் அலுமினியக் கூடுகளும் மாற்றி மாற்றி அடுக்கப்பட்டிருக்கின்றன. சூடானால் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. இவற்றுக்கு இடையில் தண்ணீரைத் தடுத்து நிற்பது மெல்லிய ரப்பர் சீல். ஒருமுறை கடுமையாகச் சூடேறினால் அந்த சீல் போய்விடும். கூலன்ட் எரியறைக்குள் கசியும். அதன்பின் எஞ்சினைப் பிரித்துக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

ரோட்டரி எஞ்சினில் இந்தச் சிக்கல் சீக்கிரம் தெரிகிறது. ஆனால் எந்தப் பெட்ரோல் எஞ்சினுக்கும் கணக்கு ஒன்றுதான். எரியும் பெட்ரோலின் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தை நோக்கிப் போகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறும். மிச்சத்தில் பெரும்பகுதி கூலன்ட் தலையில் விழுகிறது. குதிரைத்திறனைக் கூட்டினால் இந்தச் சுமையும் கூடவே ஏறும். உடனே பலரும் செய்வது, கடையில் கிடைப்பதிலேயே தடிமனான அலுமினிய ரேடியேட்டரை வாங்கி மாட்டுவது. அது சில கார்களில் பலன் தரும். சிலவற்றில் ஒரு டிகிரிகூடக் குறையாது.

ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம் கூலன்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலன்ட் 95 டிகிரியிலும் காற்று 20 டிகிரியிலும் இருந்தால் வித்தியாசம் 75. அதே கார் 40 டிகிரி வெயிலில் ஓடும்போது வித்தியாசம் 55 ஆகச் சுருங்குகிறது. ரேடியேட்டரின் திறனில் கால்பங்குக்கு மேல் போய்விட்டது என்று பொருள். டியூப்கள் வரிசையாக அடுக்கப்பட்ட ரேடியேட்டரின் உடலைக் கோர் என்கிறார்கள். தடிமனான கோரின் உள்ளேயும் இதுதான் நடக்கிறது. முன்வரிசை டியூப்களைத் தாண்டும் காற்று அங்கேயே சூடாகிவிடுவதால், பின்வரிசைக்குக் கிடைப்பது புதுக்காற்றல்ல, வெந்த காற்று. கூடவே, தடிமன் கூடக் கூடக் காற்று நுழைவதே கடினமாகிறது. ஆகவே முதலில் தேட வேண்டியது முகப்பின் பரப்பு. அகலத்துக்கும் உயரத்துக்கும் இடம் தீர்ந்த பிறகே தடிமனைப் பற்றி யோசிக்கலாம். டியூப்களுக்கு இடையே உள்ள ஃபின்களும் அப்படித்தான். நெருக்கமாக அடுக்கினால் வெப்பம் வெளியேறும் பரப்பு கூடும். ஆனால் காற்றைத் தள்ள வலுவான ஃபேனோ வேகமோ வேண்டும். தூசியும் பூச்சியும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

செம்பு, அலுமினியத்தைவிட நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அப்படியிருந்தும் சந்தையை அலுமினியம் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. செம்பு-பித்தளை ரேடியேட்டரின் பாகங்களை ஈய-வெள்ளீயப் பற்றுவைப்பு இணைக்கிறது. அந்தப் பற்றுவைப்பு வெப்பத்தை அவ்வளவு நன்றாகக் கடத்தாது. அலுமினியக் கோரை உலையில் வைத்து மொத்தமாக இணைக்கிறார்கள். டியூப் உறுதியாக இருப்பதால் அதை அகலமாகவும் செய்ய முடிகிறது, ஃபினோடு ஒட்டும் பரப்பு கூடுகிறது, எடையும் குறைகிறது.

தொழிற்சாலையிலிருந்து வரும் ரேடியேட்டர்கள் பலவற்றில் கோர் அலுமினியம், இரு முனைகளிலும் உள்ள டேங்க் நைலான் பிளாஸ்டிக். பல ஆண்டுகள் சூடாகி ஆறி ஆறி, அந்தப் பிளாஸ்டிக் நிறம் மாறி நொறுங்கத் தொடங்கும். ஆர்எக்ஸ்-7இல் கூலன்டிலிருந்து காற்றைப் பிரிக்கும் தனித் தொட்டியும் பிளாஸ்டிக்தான். அது விரிசல் விடுவது இந்தக் காரின் பேர்போன பலவீனம். பழைய காரில் முழு அலுமினிய டேங்க் தரும் முதல் பயன் குளிர்ச்சி அல்ல, உடையாமல் இருப்பது.

வாங்கும் முன் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். கார் நெரிசலில் ஊரும்போது சூடேறி, வேகமாக ஓடும்போது தணிந்தால், குறை ஃபேனிலோ அதன் உறையிலோ இருக்கிறது. உறை கோரின் முழு முகத்தையும் மூடாவிட்டால், ஃபேனுக்கு நேராக உள்ள வட்டம் மட்டுமே வேலை செய்யும். மாறாக, நெடுஞ்சாலையிலோ ரேஸ் ட்ராக்கிலோ சூடேறினால், ரேடியேட்டருக்கு உள்ளே போகும் குழாயிலும் வெளியே வரும் குழாயிலும் வெப்பநிலையை அளந்து பார்க்க வேண்டும். வித்தியாசம் அதிகமாக இருந்தால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை. பம்ப், பெல்ட், அடைப்பு ஆகியவற்றைச் சோதிக்கலாம். வித்தியாசம் சொற்பமாக இருந்தும் எஞ்சின் கொதித்தால், காற்று போதவில்லை, அல்லது கோர் சிறியது.

காற்று போதாமைக்கு மாற்றியமைத்த கார்களில் பெரும்பாலும் காரணம் இன்டர்கூலர். டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் இதைப் பெரிதாக்கி ரேடியேட்டருக்கு முன்னால் நிறுத்திவிட்டால், ரேடியேட்டருக்கு வருவது ஏற்கெனவே சூடான, வேகம் குறைந்த காற்று. இதற்கு ஜப்பானின் ஆர்எக்ஸ்-7 பட்டறைகள் பரப்பிய தீர்வு அழகானது. இன்டர்கூலரை மேலேயும் ரேடியேட்டரைக் கீழேயும் சாய்த்து, பக்கவாட்டில் பார்த்தால் 'வி' எழுத்துப் போலப் பொருத்தினார்கள். பம்பரின் வாயில் நுழையும் காற்று இரண்டாகப் பிரிந்து, இரண்டுக்கும் புதிதாகவே போய்ச் சேர்கிறது.

ரேடியேட்டரைச் சுற்றி இடைவெளி இருந்தால், உள்ளே வரும் காற்று அந்த வழியாகவே நழுவிவிடும். அலுமினியத் தகட்டாலும் ஃபோம் பட்டையாலும் அந்த இடைவெளிகளை அடைப்பது அதிகம் செலவில்லாத வேலை. பல சமயம் புதிய கோரைவிட அதிகப் பலன் தருவதும் அதுதான். வெளியேறும் வழியும் அதே அளவு முக்கியம். எடையைக் குறைக்கிறோம் என்று எஞ்சினுக்குக் கீழே உள்ள தகட்டைக் கழற்றினால், கீழிருந்து ஏறும் காற்று எஞ்சின் அறையை நிரப்பி, ரேடியேட்டர் வழியாக வரும் காற்றை மறிக்கும். பானட்டின் பின் ஓரத்தைத் தூக்கி வைப்பதும் தவறான இடத்தில் திறப்பதுதான். முன்கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் அதிகம், அங்கிருந்து காற்று உள்ளே வரத்தான் பார்க்கும். பானட்டின் முன்பகுதியில், அழுத்தம் குறைந்த இடத்தில் துளை வைத்தால் சூடான காற்று இழுபட்டு வெளியேறும். இரண்டாம் உலகப்போரின் பி-51 மஸ்டாங் விமானத்தில் ரேடியேட்டரின் காற்றுவழி அமைக்கப்பட்டதும் இதே சிந்தனையில்தான். சிறிய வாய், உள்ளே விரியும் வழி, பின்னால் சுருங்கும் வாசல் என்று வடிவமைத்ததால், ரேடியேட்டரால் வரும் காற்றுத்தடையின் பெரும்பகுதியை ஈடுசெய்ய முடிந்தது.

தண்ணீர்ப் பக்கத்தில் இரண்டு தவறான நம்பிக்கைகள் ஊறிப்போயிருக்கின்றன. தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் குளிரும் என்பது ஒன்று. தெர்மோஸ்டாட் எந்த வெப்பத்தில் திறக்க வேண்டும் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. முழுதாகத் திறந்தபின் மிச்ச வேலை ரேடியேட்டருடையது. தண்ணீர் வேகமாக ஓடினால் வெப்பம் இறங்க நேரமிருக்காது என்பது இன்னொன்று. உண்மையில் ஓட்டம் கூடினால் வெளியேறும் வெப்பமும் கூடத்தான் செய்கிறது. இவற்றைவிட ரேடியேட்டரின் அழுத்த மூடியில் கவனம் வைப்பது நல்லது. 1.1 பார் மூடி போட்டால் தண்ணீரின் கொதிநிலை சுமார் 121 டிகிரிக்கு உயர்கிறது. உறைதலைத் தடுக்கும் கிளைக்காலைச் சரிபாதி கலந்தால் இன்னும் உயரும். ஆனால் தூய தண்ணீரைவிடக் கலவை சுமக்கும் வெப்பம் குறைவு. பனி விழாத ஊரில் ட்ராக்கில் ஓடும் காருக்கு, கிளைக்காலைக் குறைத்துத் துருத்தடுப்பு மருந்து கலந்த காய்ச்சி வடித்த நீர் ஊற்றுகிறவர்கள் உண்டு.

கடைசியாக ஒரு சிறு பொருள். ஆர்எக்ஸ்-7இன் டாஷ்போர்டில் உள்ள வெப்பநிலை முள், பெரிய வெப்ப வரம்பு முழுவதிலும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டது. அது நகரும்போது எஞ்சின் ஆபத்தான நிலைக்கு வந்திருக்கும். டிகிரியில் காட்டும் தனி மீட்டரை ரேடியேட்டருக்கு முன்பே வாங்கிப் பொருத்திவிட்டால், நோயைக் கண்டுபிடிக்கவும் மாற்றியது பலித்ததா என்று பார்க்கவும் அதே மீட்டர் உதவும். அதில் எச்சரிக்கை விளக்கை 105 டிகிரிக்கு அமைத்துக்கொண்டால், சீல் சேதமாகும் முன் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்க ஓட்டுநருக்கு நேரம் கிடைக்கும்.